வாசகர் கேள்வி – பதில்: குடும்பமே இல்லாத வில்லாளி

கேள்வி: நண்பர்களுடன் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற, ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசிக் கதையை நகர்த்தும் விளையாட்டை ஆடத் தொடங்குகிறேன். வெள்ளி நிறத் தலைமுடி, ஊதாக் கண்கள், யாருடனும் பேசாத சுபாவம், குடும்பம் முழுவதையும் டிராகனுக்குப் பறிகொடுத்த சோகம் என்று, எல்ஃப் என்னும் கற்பனை இனத்தைச் சேர்ந்த என் வில்லாளிக்கு நான்கு பக்கங்கள் எழுதிக் கொடுத்தேன். ஆட்டத்தை நடத்தும் நண்பரோ, இதை வைத்துத் தம்மால் எதுவும் செய்ய முடியாது என்கிறார். எதை மாற்றுவது?

பதில்: அவர் உங்கள் எழுத்தைக் குறை சொல்லவில்லை, அந்த நான்கு பக்கங்களில் உயிரோடிருக்கும் உறவு ஒன்றுகூட இல்லையே என்பதுதான் அவருடைய சிக்கல். 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் இந்த விளையாட்டை வெளியிட்டபோது, கதாபாத்திரம் என்பது பெரும்பாலும் அதன் வலிமை, அறிவு போன்றவற்றுக்குப் பகடை தந்த ஆறு எண்களும், போர்வீரன், மந்திரவாதி என்பது போன்ற ஒரு வகுப்புமாகவே இருந்தது. 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்போ குணம், இலட்சியம், பற்று, குறை ஆகியவற்றுக்குப் பாத்திரத் தாளிலேயே தனித்தனி இடம் ஒதுக்கியது. இவற்றுள் பற்றும் குறையுமே ஆட்டத்தை நடத்துபவருக்குப் பிடி கொடுப்பவை. எல்லோரும் இறந்துவிட்ட குடும்பத்தில் அவர் எதைப் பிடித்து இழுப்பார்?

ஆகவே, டிராகனிடமிருந்து ஒரு தங்கையையாவது தப்பவிடுங்கள். அவள் இன்று அந்த டிராகனையே வழிபடும் கூட்டத்தில் இருக்கலாம். அன்றைக்கு அண்ணன் தன்னைக் கைவிட்டு ஓடிவிட்டான் என்று நம்பிக்கொண்டும் இருக்கலாம். அவன் உண்மையிலேயே ஓடினானா என்பதை இப்போதே எழுதிவிடாதீர்கள். அது ஆட்டத்தின் போக்கில் வெளிப்படட்டும். 1985-இல் வெளிவந்த, இதே வகையைச் சேர்ந்த ‘பென்டிராகன்’ விளையாட்டில் வீரன் இறந்தால் அவனுடைய வாரிசை ஏற்று ஆட்டத்தைத் தொடரலாம். குடும்பத்தை அந்த அளவுக்கு மதித்த விளையாட்டு அது. அதிலேயே மன்னிக்கும் இயல்பும் பழிவாங்கும் இயல்பும் ஓர் இணை; இரண்டின் மதிப்பெண்களையும் கூட்டினால் எப்போதும் 20 வரும், ஒன்று ஏறினால் மற்றது இறங்கும். தங்கையை எதிர்கொள்ளும் நாளில் உங்கள் வில்லாளி எந்தப் பக்கம் சாய்வான் என்று யோசித்துப் பாருங்கள், குணம் தானாகவே பிடிபடும்.

பேசாத சுபாவத்தை மட்டும் கைவிடுங்கள். பேச்சாலேயே நடக்கும் விளையாட்டில் வாய் திறக்காதவனால் மற்றவர்களுக்குச் சலிப்புதான் மிஞ்சும். குடும்பத்தைப் பற்றிக் கேட்டால் மட்டும் பேச்சை மாற்றுபவன் என்று வைத்தால் போதும். தோற்றத்துக்கு இரண்டு வரிகளே அதிகம். வெள்ளி முடி இருந்துவிட்டுப் போகட்டும், ஆனால் நாணிழுக்கும் கையில் ஒரு தீக்காயத் தழும்பு இருந்தால், பார்ப்பவர் யாராவது கட்டாயம் அதைப் பற்றிக் கேட்பார்.

கேள்வி: என் மந்திரவாதிக்கு, ஆறு எண்களில் ஒன்றான கரிஸ்மா 8 மட்டுமே விழுந்திருக்கிறது. அவளை அழகி என்று எழுதலாமா?

பதில்: தாராளமாக எழுதலாம். கரிஸ்மா அளப்பது பிறரைத் தன்பால் ஈர்த்து இணங்கவைக்கும் ஆளுமையைத்தான். முக அழகுக்கென்று தனியாக ஏழாவது எண் ஒன்றை 1985-இல் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ துணைநூல் ஒன்று சேர்த்துப் பார்த்தது, ஆனால் அது நிலைக்கவில்லை. அவள் நுழைந்ததும் எல்லோரும் திரும்பிப் பார்க்கட்டும்; அவள் இரண்டு வாக்கியம் பேசியதும் அவரவர் வேலைக்குத் திரும்பிவிடட்டும்.