பச்சை மாறாத மாட்சா மஃபின்: வாசகர் கேள்வி-பதில்

மாட்சா என்னும் பச்சைத் தேயிலைத் தூள் சேர்த்த மஃபின் பற்றி வந்த கடிதங்களில் திரும்பத் திரும்பக் கேட்பது ஒரே புலம்பல்: ஓவனுக்குள் போகும்போது பச்சை, வெளியே வரும்போது காக்கி. அதையே முதலில் எடுத்துக்கொள்வோம்.

கேள்வி: மாவு கரைத்தபோது தளிர்ப்பச்சையாக இருந்தது. வெந்ததும் உள்ளே காக்கி, மேலே பழுப்பு. குறிப்பில் இருந்தபடி தயிர், சமையல் சோடா, நாட்டுச் சர்க்கரை எல்லாம் சேர்த்தேன். எனக்குக் கிடைத்தது போலித் தூளா?

தூளைக் குற்றம் சொல்லும் முன் தயிரையும் சோடாவையும் விசாரிக்க வேண்டும். மாட்சாவின் பச்சை குளோரோஃபில் தருவது. அந்த மூலக்கூறின் நடுவில் ஒரு மக்னீசிய அணு இருக்கிறது. சூடும் புளிப்பும் சேர்ந்து தாக்கினால் மக்னீசியம் கழன்றுகொள்ளும், அந்த இடத்தில் ஹைட்ரஜன் வந்து உட்காரும். அதற்குப் பிறகு அது குளோரோஃபில் இல்லை, ஃபியோஃபைட்டின். அதன் நிறம்தான் நீங்கள் பார்த்த மங்கிய காக்கி. கீரையை மூடிவைத்து நெடுநேரம் வேகவிட்டால் கறுத்துப்போவதும் இதனால்தான்.

புளிப்பு கெடுக்கிறது என்றால் சோடா காப்பாற்றியிருக்க வேண்டாமா என்று தோன்றும். காரத்தன்மை குளோரோஃபில்லைக் காக்கும் என்பது உண்மை. ஆனால் தேயிலையில் கேட்டசின் என்னும் துவர்ப்புப் பொருள்களும் நிறைய உண்டு. காரம் கூடினால் அவை காற்றோடு வினைபுரிந்து பழுப்பாகிவிடும். போதாக்குறைக்கு, மிஞ்சிய சோடா மேல்தோலை வேகமாகச் சிவக்க வைக்கும், சோப்பு வாடையும் தரும். ஆக, தயிர் ஒரு பக்கம் இழுக்க, சோடா மறுபக்கம் இழுக்க, நடுவில் மாட்டிக்கொண்டது பச்சை நிறம்.

தயிர், மோர், எலுமிச்சைச் சாறு, சோடா நான்கையும் விட்டுவிட்டுச் சாதாரணப் பாலும் பேக்கிங் பவுடரும் மட்டும் போடுங்கள். நாட்டுச் சர்க்கரைக்குப் பதில் வெள்ளைச் சர்க்கரை. வெண்ணெய் பச்சையோடு மஞ்சளைக் கலந்துவிடும் என்பதால் வாசனையற்ற எண்ணெய் நல்லது. வெண்ணெயின் ருசிதான் வேண்டும் என்றால் பாதிக்குப் பாதி. மேல்பக்கம் சிவப்பதை அடியோடு தடுக்க முடியாது, சர்க்கரையும் புரதமும் சூட்டில் அப்படித்தான் செய்யும். 12ஆவது நிமிடத்துக்குப் பிறகு அலுமினியத் தாளைத் தளர்வாக மேலே போர்த்தினால் வெகுவாகக் குறையும். பிட்டுப் பார்க்கும்போது உள்ளே பச்சையாக இருக்கிறதா? அதுதான் கணக்கு.

கேள்வி: 12 மஃபினுக்குச் சரியான அளவு சொல்லுங்கள். ஒரு குறிப்பில் 1 டீஸ்பூன் மாட்சா, இன்னொன்றில் 4 டேபிள்ஸ்பூன் என்று இருக்கிறது.

ஒரு டீஸ்பூனில் நிறமும் வராது, மணமும் வராது. நான்கு டேபிள்ஸ்பூனில் நாக்கு காய்ந்துபோகும். மைதாவின் எடையில் நூற்றுக்கு 5 பங்கு என்பது நல்ல நடுவளவு. 6 பங்கைத் தாண்டினால் துவர்ப்பு தலைதூக்கும்.

மைதா 250 கிராம், மாட்சா 12 கிராம் (தலைதட்டிய 6 டீஸ்பூன்), பேக்கிங் பவுடர் 10 கிராம் (இரண்டரை டீஸ்பூன்), உப்பு அரை டீஸ்பூன், வெள்ளைச் சர்க்கரை 150 கிராம், முட்டை 2, பால் 200 மில்லி, எண்ணெய் 100 மில்லி, வெனிலா 1 டீஸ்பூன். முட்டையும் பாலும் குளிர்பெட்டியிலிருந்து எடுத்துக் குளிர் விட்டவையாக இருக்கட்டும்.

ஓவனை 200 டிகிரி செல்சியஸில் 20 நிமிடம் முன்பே சூடாக்குங்கள். மைதா, பேக்கிங் பவுடர், உப்பு மூன்றையும் சலித்து வையுங்கள். இன்னொரு பாத்திரத்தில் மாட்சாவைச் சர்க்கரையோடு சேர்த்துக் கம்பிக் கலக்கியால் நன்றாகக் கிளறுங்கள். அதில் முட்டை, எண்ணெய், பால், வெனிலா ஊற்றி அடித்து, மைதாக் கலவையைக் கொட்டி, அகலக் கரண்டியால் 12 முதல் 15 முறை அடியிலிருந்து மேலாகப் புரட்டினால் போதும். 15 நிமிடம் அப்படியே விடுங்கள். மாவு ஈரத்தைக் குடித்துக் கொஞ்சம் கெட்டியாகும், மஃபின் குவிந்து எழ அது உதவும். பிறகு கிளறாமல் அள்ளி, மஃபின் தட்டின் குழிகளில் வைத்த காகிதக் கப்புகளில் முக்கால் உயரம் நிரப்புங்கள். ஒரு கப்புக்குச் சுமார் 65 கிராம் வரும்.

முதல் 5 நிமிடம் 200 டிகிரி. கதவைத் திறக்காமல் 175க்குக் குறைத்து மேலும் 13 முதல் 15 நிமிடம். தொடக்கத்தில் கிடைக்கும் கடுஞ்சூட்டில் மாவு சட்டென்று பொங்கித் தலை எழும்பும். தொடர்ந்து அதே சூடு இருந்தால் பச்சை போய்விடும் என்பதால்தான் குறைக்கிறோம். நடுவில் குத்திய பல்குச்சியில் ஒன்றிரண்டு ஈரத் துணுக்கு ஒட்டி வந்தாலே எடுத்துவிடலாம். துப்புரவாக வரும்வரை காத்திருந்தால் ஆறும்போது வறண்டிருக்கும். 5 நிமிடம் கழித்துத் தட்டிலிருந்து கழற்றிக் கம்பித்தட்டுக்கு மாற்றுங்கள். தட்டிலேயே விட்டால் ஆவி வெளியேற வழியின்றி அடிப்பாகம் சொதசொதத்துவிடும்.

கேள்வி: 'செரிமோனியல்' (தேநீர்ச் சடங்குக்கானது), 'குலினரி' (சமையலுக்கானது) என்று இரண்டு தரம் விற்கிறார்கள். விலை அதிகமானதை வாங்கினால் மஃபின் ருசியாக வருமா?

அந்த இரண்டு பெயர்களுக்கும் சட்டப்படியான வரையறை எதுவும் கிடையாது. விற்பவர் வைக்கும் பெயர்கள்தான். டப்பாவின் மேல் எழுதியிருப்பதை நம்புவதைவிடத் தூளையே பார்ப்பது நல்லது.

மாட்சாவுக்காக, அறுவடைக்கு மூன்று நான்கு வாரம் முன்பே தேயிலைச் செடிகளுக்கு மேல் பந்தல் போட்டு வெயிலை மறைக்கிறார்கள். நிழலில் இலை குளோரோஃபில்லைக் கூடுதலாகச் சேர்க்கும், இனிப்புச் சாயல் தரும் தியானின் என்ற அமினோ அமிலம் மிஞ்சும், துவர்ப்பு குறையும். பறித்த இலையை ஆவியில் காட்டி உலர்த்தி, காம்பும் நரம்பும் நீக்கினால் கிடைப்பது தென்சா. அதைக் கல் இயந்திரத்தில் அரைத்தால் மாட்சா. ஒரு கல் ஒரு மணி நேரத்தில் அரைப்பது ஏறத்தாழ 40 கிராம்தான், விலைக்கு அதுவும் ஒரு காரணம். ஜப்பானில் கியோத்தோவை அடுத்த உஜியும், ஐச்சி மாகாணத்தின் நிஷியோவும் இதற்குப் பெயர்போனவை. நிழலில் வளராத சாதாரணப் பச்சைத் தேயிலையைப் பொடித்தால் அது மாட்சா ஆகாது. மஞ்சளாக இருக்கும், வெந்ததும் வைக்கோல் நிறத்துக்குப் போய்விடும்.

வெறும் வெந்நீரில் கலக்கிக் குடிக்கும் உயர்ந்த தூளின் மென்மையான மணம் 175 டிகிரியில் நிற்காது. அதை மஃபினில் போடுவது வீண் செலவு. ஆக மலிவானதும் வேண்டாம், அதில் தொடக்கத்திலேயே பச்சை இல்லை. நடுத்தர விலையில் வாங்கி, வெள்ளைத் தாளில் ஒரு சிட்டிகை வைத்து விரலால் இழுத்துப் பாருங்கள். முகப்பவுடர் போல வழுவழுப்பாக, பளிச்சென்ற பச்சைக் கோடாக நீள வேண்டும். நறநறத்தாலோ மஞ்சள் அடித்தாலோ வேண்டாம். மூலப்பொருள் பட்டியலில் தேயிலை மட்டுமே இருக்க வேண்டும். 'லாட்டே மிக்ஸ்' என்பதில் சர்க்கரையும் பால்பவுடரும் கலந்திருக்கும், மேலே சொன்ன அளவு அதற்குப் பொருந்தாது.

கேள்வி: வெந்த மஃபினில் அங்கங்கே கரும்பச்சைப் புள்ளிகள். கடித்தால் அந்த இடம் மட்டும் கசக்கிறது.

கட்டி தட்டிய தூள். துகள்கள் மிக நுண்ணியவை, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மாட்சா பாலில் கரைவதில்லை, மிதக்கத்தான் செய்யும். அதனால் கட்டி தானாக உடையாது. டீ வடிகட்டியில் போட்டுக் கரண்டியின் முதுகால் தேய்த்துச் சலியுங்கள். பிறகு சர்க்கரையோடு கிளறினால் சர்க்கரைப் பரல்களே மீதிக் கட்டிகளை அரைத்துவிடும். இன்னொரு வழி, வெதுவெதுப்பான பால் 3 டேபிள்ஸ்பூன் விட்டுப் பசைபோலக் குழைத்துக்கொள்வது. அந்தப் பாலை மொத்த 200 மில்லியிலிருந்தே எடுங்கள். கொதிக்கும் பால் வேண்டாம்.

கேள்வி: தலை கூம்பாக எழும்பி, உள்ளே நீளநீளமாகப் பொந்துகள். மெல்லும்போது ரப்பர் போல இருக்கிறது.

அதிகம் கலக்கிவிட்டீர்கள். மைதாவில் ஈரம் பட்டபின் கிளறக் கிளற குளூட்டன் என்னும் புரதம் வலைபோல இறுகும். உள்ளே உண்டாகும் வாயு சீராகப் பரவ முடியாமல் மேல்நோக்கித் துளைத்துக்கொண்டு போகும், அதுதான் அந்தப் பொந்து. பச்சை மாவில் வெள்ளைக் கோடு ஒன்று தெரிந்தாலும் கை நிற்காமல் கிளறத் தோன்றும். மாட்சா முன்பே ஈரக் கலவையில் கலந்துவிட்டால் நிறத்துக்காகக் கிளற வேண்டிய தேவை இராது. மைதா மறைந்ததும் நிறுத்துங்கள், சின்னக் கட்டிகள் இருந்தால் இருக்கட்டும்.

கேள்வி: முட்டை இல்லாமல் செய்ய முடியுமா? வழக்கமாகத் தயிர்தான் சேர்ப்பேன்.

தயிரின் குணத்தை மேலே பார்த்தோம். ஊறவைத்த ஆளிவிதைப் பொடி வேலை செய்யும், ஆனால் பழுப்புப் புள்ளிகள் தெரியும். மாட்சாவுக்குப் பொருத்தமானது கண்டென்ஸ்டு மில்க். இரண்டு முட்டையையும் எடுத்துவிட்டு, கண்டென்ஸ்டு மில்க் 200 கிராம், சர்க்கரை 50 கிராம், பால் 210 மில்லி, பேக்கிங் பவுடர் 3 டீஸ்பூன் என்று மாற்றுங்கள், மற்றவை அப்படியே. பாலின் சர்க்கரையும் புரதமும் கூடுவதால் சீக்கிரம் சிவக்கும். ஆகவே 200இல் 5 நிமிடத்துக்குப் பின் 165 டிகிரிக்கு இறக்கி, இரண்டு மூன்று நிமிடம் கூட விடுங்கள். முட்டைப் புரதம் தரும் பிடிப்பு இதில் இல்லாததால் சூட்டோடு காகிதத்தை உரித்தால் பிய்ந்துவிடும். முழுக்க ஆறட்டும்.

கேள்வி: கசக்கிறது. சர்க்கரையைக் கூட்டலாமா?

முதலில் உப்பு போட்டீர்களா என்று பாருங்கள். கசப்பை அடக்குவதில் அந்த அரை டீஸ்பூன் உப்பு சர்க்கரைக்குச் சளைத்ததல்ல. அப்படியும் கசந்தால் மாட்சாவை 10 கிராமாகக் குறையுங்கள். சர்க்கரையை 150 கிராமிலிருந்து நிறையக் கூட்டினால் மேல்தோல் கறுக்கும்.

கேள்வி: உள்ளே என்ன சேர்த்தால் பொருந்தும்? புளூபெர்ரி போட்டேன், சுற்றிலும் அழுக்கு நிறமாகிவிட்டது.

வெள்ளைச் சாக்லேட்தான் முதல் தேர்வு. அதன் பால்கொழுப்பும் இனிப்பும் துவர்ப்பைத் தணிக்கும், நிறத்தையும் தொடாது. 80 முதல் 100 கிராம் போடலாம், சர்க்கரையில் 20 கிராம் குறைத்துக்கொண்டு. துண்டுகளை ஒரு டீஸ்பூன் மைதாவில் புரட்டிக் கடைசி இரண்டு புரட்டலில் சேருங்கள். கருஞ்சாக்லேட் மாட்சாவை அமுக்கிவிடும். புளூபெர்ரியின் ஊதாச் சாறு பச்சையோடு கலந்தால் நீங்கள் பார்த்த அழுக்குதான். விடமுடியாது என்றால் பழத்தை மாவில் கலக்காமல், கப்பில் ஊற்றிய பின் மேலே நான்கைந்து வைத்து லேசாக அழுத்துங்கள்.

கேள்வி: ஓவனில் அழகாக எழும்பி, வெளியே எடுத்ததும் நடுவில் குழிந்துவிடுகிறது.

நடுப்பகுதி வேகவில்லை, அல்லது பேக்கிங் பவுடர் அதிகம், அல்லது மாவு இறுகும் முன் கதவைத் திறந்துவிட்டீர்கள். முதல் 12 நிமிடம் திறக்கவே கூடாது. ஓவன் காட்டும் எண்ணை நம்பாமல் உள்ளே வைக்கும் வெப்பமானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், 20 டிகிரி வித்தியாசம் அரிதல்ல. எழும்பவே எழும்பவில்லை என்றால் பவுடர் பழையது. வெந்நீரில் அரை டீஸ்பூன் போட்டால் உடனே நுரைத்துப் பொங்க வேண்டும்.

கேள்வி: ஏர் ஃப்ரையரில் வருமா?

வரும். காற்று மேலிருந்து அடிப்பதால் தலை முதலில் கருகும். 150 டிகிரியில் 14 நிமிடம் கழித்துக் குத்திப் பாருங்கள். காகிதக் கப்பை மட்டும் வைத்தால் சாய்ந்துவிடும், சிலிக்கான் கப்புக்குள் வையுங்கள்.

கேள்வி: குழந்தைகளுக்குத் தரலாமா? இதில் கஃபீன் உண்டு என்கிறார்கள்.

உண்டு. இலையையே அரைத்துச் சாப்பிடுகிறோம், வேகவைத்தாலும் கஃபீன் போகாது. ஒரு கிராம் மாட்சாவில் தரத்தைப் பொறுத்து 20 முதல் 45 மில்லிகிராம் வரை இருக்கும். நம் அளவில் ஒரு மஃபினுக்கு ஒரு கிராம் மாட்சா. சிறு பிள்ளைகளுக்குப் பாதி மஃபின், அதுவும் மாலைக்கு முன் கொடுத்தால் நல்லது.

கேள்வி: மீந்த தூளையும் மஃபினையும் எப்படி வைப்பது?

தூளுக்கு வெளிச்சம், காற்று, சூடு, ஈரம் நான்கும் ஆகாது. காற்றுப்புகா டப்பாவில் குளிர்பெட்டியில் வைத்து, திறந்த இரண்டு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். எடுத்தவுடன் திறக்காதீர்கள்; குளிர் விடும் முன் திறந்தால் உள்ளே நீர் கோத்துக் கட்டி தட்டும்.

மஃபின் முழுக்க ஆறியபின் மூடிய டப்பாவில் வெளியிலேயே 2 நாள் இருக்கும். வெக்கையான நாள் என்றால் ஒரு நாள்தான். கண்ணாடி டப்பா என்றால் அலமாரிக்குள் வையுங்கள், வெளிச்சத்தில் நிறம் வெளுக்கும். குளிர்பெட்டியில் வைத்தால் மாவுச்சத்து சீக்கிரம் இறுகி விறைத்துப்போகும், அதைவிட உறைபெட்டி மேல். தனித்தனியாகச் சுற்றி வைத்தால் 2 மாதம் தாங்கும். சாப்பிடும்போது 150 டிகிரியில் 8 நிமிடம். மைக்ரோவேவ் என்றால் 20 விநாடி விட்டுத் தொட்டுப் பார்த்து, தேவையானால் இன்னும் பத்து விநாடி.