ஐந்து லாரிகளுக்கு ஒரு டிஸ்பாட்சர் தேவையா?

கேள்வி: சொந்தமாக ஐந்து சரக்கு லாரிகள் ஓடுகின்றன. லோடு பிடிப்பதும் ஓட்டுநர்களிடம் பேசுவதும் நானே. லாரிகளின் ஓட்டத்தைத் திட்டமிடும் டிஸ்பாட்சர் ஒருவரை அமர்த்தச் சொல்கிறார்கள். லாரி நிற்கும் இடத்தை ஜிபிஎஸ் காட்டிவிடுகிறதே, அவர் வேறு என்ன செய்துவிடப் போகிறார்?

பதில்: விதிப்படி ஓட்ட ஓட்டுநருக்கு இன்னும் எத்தனை மணி நேரம் கையில் இருக்கிறது என்று ஜிபிஎஸ் சொல்லாது. டிஸ்பாட்சரின் பிழைப்பே அந்தக் கணக்கில்தான்.

அமெரிக்க விதியை எடுத்துக்கொள்வோம். ஓட்டுநர் 11 மணி நேரம் ஓட்டலாம். ஆனால் பணி தொடங்கியதிலிருந்து 14 மணி நேரத்துக்குள் ஓட்டி முடிக்க வேண்டும். 8 மணி நேரம் ஓட்டினால் அரை மணி ஓய்வு கட்டாயம். காலை 6 மணிக்குக் கிடங்கு வாசலில் பணி தொடங்கியவருக்கு 11 மணிக்குத்தான் லோடு ஏறியது என்றால், இரவு 8 மணிக்குள் அவர் ஓட்டக் கிடைப்பது எட்டரை மணி நேரம்தான். 60 கி.மீ. சராசரி வேகத்தில் 510 கி.மீ. போகலாம். இறக்குமிடம் 600 கி.மீ. தூரத்தில் இருந்தால்?

நல்ல டிஸ்பாட்சர் காலை 8 மணிக்கே இதைக் கணக்கிட்டுவிடுவார். இறக்குமிடத்தை அழைத்து மறுநாள் காலைக்கு நேரம் வாங்குவார், இரவு நிறுத்த இடம் பார்ப்பார், காத்திருப்புக் கட்டணம் கேட்பதற்காக வாசலில் நுழைந்த நேரத்தைக் குறித்து வைப்பார். மற்றவர், அரை மணிக்கொரு முறை ஓட்டுநரை அழைத்து "எங்கே வருகிறாய்?" என்பார். அதற்குச் சம்பளம் தண்டம்.

திரும்பும் லோடை, முதல் லோடு இறங்குவதற்குள் பேசி முடிப்பதும் அவர் பொறுப்பு. காலியாக வரக்கூடாது என்பதற்காக 150 கி.மீ. சுற்றிப் போய் அற்ப வாடகைக்கு ஏற்றுவது சாமர்த்தியமல்ல. சரக்கு பெற்றதற்கான கையொப்பச் சீட்டும் அன்றே அலுவலகத்துக்கு வந்தாக வேண்டும். பில் போட அதுதான் ஆதாரம்.

வாடிக்கையாளர்களும் வழித்தடமும் நிலையாக இருந்தால் ஐந்து லாரிகளுக்குத் தனி ஆள் வேண்டாம். பில் போடுபவரே பார்த்துக்கொள்வார். தினமும் புது லோடு தேடும் தொழில் என்றால் அமர்த்துங்கள். வாடகையில் சதவீதம் கேட்கும் வெளி ஆட்களிடம் மட்டும் கொஞ்சம் எச்சரிக்கை: காலியாக ஓடும் கிலோமீட்டர்களின் டீசல் உங்கள் கணக்கில்தான் ஏறும்.

நேர்முகத்தில், "என் லாரி 600 கி.மீ. போக வேண்டும், எப்போது சேரும்?" என்று மட்டும் கேளுங்கள். உடனே ஒரு நேரத்தைச் சொல்பவர் வேண்டாம். "ஓட்டுநர் எத்தனை மணிக்குப் பணி தொடங்கினார்?" என்று திருப்பிக் கேட்பவரை எடுங்கள்.