வோல்டேஜ் இறங்கினால் ஹீட்டர் கூடுதல் கரண்ட் இழுக்குமா?

கேள்வி: எங்கள் 15 லிட்டர் வாட்டர் ஹீட்டரில் 230 வோல்ட், 2000 வாட் என்று எழுதியிருக்கிறது. மாலை நேரத்தில் தண்ணீர் சூடாக வெகுநேரம் ஆகிறது. எலக்ட்ரீஷியன் பிளக் பாயிண்டில் மீட்டர் வைத்துப் பார்த்தார். ஹீட்டரை அணைத்திருந்தபோது 212 வோல்ட், போட்டதும் 184 வோல்ட். வோல்டேஜ் குறைந்தால் ஹீட்டர் அதிகக் கரண்ட் இழுத்து வயர் எரிந்துவிடும், பில்லும் ஏறும் என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். ஸ்டெபிலைசர் வாங்கலாமா?
– வாசகி, கோத்தகிரி

பதில்: இரண்டு அளவுகளையும் குறித்து அனுப்பியது மிகவும் நல்லது. உங்கள் வீட்டில் கோளாறு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை அந்த இரண்டு எண்களே பாதிக்குமேல் சொல்லிவிடுகின்றன.

முதலில் ஹீட்டரின் மின்தடையைக் கண்டுபிடிப்போம். மின்திறன் என்பது மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கி வருவது. ஆகவே 2000 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் 8.7 ஆம்பியர் கிடைக்கும். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை, 230-ஐ 8.7-ஆல் வகுக்க, ஏறத்தாழ 26.4 ஓம். ஹீட்டர் சுருளின் இந்தத் தடை வோல்டேஜ் மாறுவதால் பெரிதாக மாறுவதில்லை. எனவே 184 வோல்ட்டில் அதில் ஓடும் மின்னோட்டம் 184 ÷ 26.4, அதாவது ஏறத்தாழ 7 ஆம்பியர்தான். கரண்ட் கூடவில்லை, குறைந்திருக்கிறது. திறனோ 1280 வாட்டுக்கு இறங்கிவிட்டது. மின்னழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் மின்னோட்டமும் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. இரண்டையும் பெருக்கி வரும் திறன் 64 சதவீதமாகிவிடுகிறது. 15 டிகிரியில் இருக்கும் 15 லிட்டர் தண்ணீரை 45 டிகிரிக்குக் கொண்டுவர முழு வோல்டேஜில் 16 நிமிடம் போதுமென்றால், உங்கள் வீட்டில் 25 நிமிடம் ஆகும். ஹீட்டர் எடுத்துக்கொள்வது இரண்டு நிலையிலும் அரை யூனிட்டுக்குச் சற்று மேல்தான்.

பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது மோட்டாருக்குப் பொருந்தும். தண்ணீர் இறைக்கும் மோட்டார் வோல்டேஜ் குறைந்தாலும் அதே சுமையை இழுத்தாக வேண்டியிருப்பதால், கூடுதல் கரண்ட் எடுத்துச் சூடேறும். அவர் மோட்டார் காயில் கருகிப் பார்த்தவராக இருக்கலாம். அந்த அனுபவத்தை ஹீட்டருக்குப் பொருத்தக் கூடாது.

நீங்கள் கவலைப்பட வேண்டியது வேறொன்று. ஹீட்டரைப் போட்டதும் 28 வோல்ட் இறங்குகிறது. ஓடுவது 7 ஆம்பியர். 28-ஐ 7-ஆல் வகுத்தால் 4 ஓம். உங்கள் பிளக் பாயிண்டுக்கு மின்சாரம் வந்து சேரும் வழியில் இவ்வளவு தடை இருக்கிறது என்று பொருள். 28 வோல்ட்டையும் 7 ஆம்பியரையும் பெருக்கிப் பாருங்கள்: ஏறத்தாழ 196 வாட் வெப்பம் அந்த வழியில் எங்கோ வெளியாகிக்கொண்டிருக்கிறது. 1 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் 100 மீட்டருக்குச் சுமார் 1.8 ஓம் தடை உடையது. மீட்டர் போர்டிலிருந்து குளியலறைக்கு 20 மீட்டர் தூரம், போக வர 40 மீட்டர் என்று வைத்தாலும் 0.7 ஓம்தான் வரும். மீதி 3 ஓமுக்கு மேல் இருப்பது எங்கே?

அதைக் கண்டுபிடிக்க, எலக்ட்ரீஷியனை மீண்டும் அழைத்து, ஹீட்டரை ஒரு முறை அணைத்தும் ஒரு முறை போட்டும் மீட்டர் போர்டில் அளக்கச் சொல்லுங்கள். அங்கேயும் 28 வோல்ட் அளவுக்கு இறங்கினால், தடை சர்வீஸ் வயரிலோ கம்பத்து இணைப்பிலோ நீண்ட லைனிலோ இருக்கிறது. மலைச்சரிவில் வீடுகள் சிதறியிருக்கும் ஊர்களில் டிரான்ஸ்பார்மர் தொலைவில் இருப்பது உண்டு. அளந்த எண்களை எழுதி மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கொடுங்கள். அங்கே 4, 5 வோல்ட் மட்டும் இறங்கினால், மீதி முழுவதும் உங்கள் வீட்டுச் சுவருக்குள்தான் வீணாகிறது. அப்படியென்றால் அந்த இழப்புக்கும் பில் வரும். அதைவிட முக்கியமாக, 150 வாட்டுக்கு மேற்பட்ட வெப்பம் ஒரு தளர்ந்த ஸ்குரூவிலோ முறுக்கிவிட்ட ஜாயிண்டிலோ குவிந்தால் தீப்பிடிக்கும். பிளக் பழுப்பேறியிருந்தாலோ கருகிய வாடை வந்தாலோ, சரிசெய்யும்வரை ஹீட்டரைப் போடாதீர்கள். 2000 வாட் ஹீட்டருக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரைத் தனியாக இழுப்பது நல்லது.

ஸ்டெபிலைசர் வேண்டவே வேண்டாம். ஹீட்டருக்கு 230 வோல்ட் கொடுப்பதற்காக அது லைனிலிருந்து 12 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதே 4 ஓமில் வெப்ப இழப்பு மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறி, 196 வாட்டிலிருந்து 600 வாட் ஆகிவிடும். இதே கணக்கினால்தான், 1930களின் தொடக்கத்திலிருந்து பைக்காராவில் எடுக்கப்படும் மின்சாரத்தை மிக உயர்ந்த அழுத்தத்தில் சமவெளிக்கு அனுப்புகிறார்கள்: அழுத்தம் உயர்ந்தால் அதே திறனுக்குக் குறைந்த மின்னோட்டம் போதும், கம்பியில் இழப்பும் குறையும்.

கேள்வி: 100 வாட் குண்டு பல்பைக் கழற்றி மல்டிமீட்டரில் அளந்தேன், 40 ஓம் காட்டியது. 230 வோல்ட்டில் கணக்கிட்டால் 1300 வாட்டுக்கு மேல் வருகிறது. எங்கே தவறு?
– பிளஸ் ஒன் மாணவர், குன்னூர்

பதில்: கணக்கில் தவறில்லை; நீங்கள் அளந்தது குளிர்ந்த இழையை. எரியும்போது டங்ஸ்டன் இழை 2500 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சூடேறி, அதன் தடை 529 ஓம் ஆகிறது. 230-ஐ 230-ஆல் பெருக்கி 529-ஆல் வகுத்துப் பாருங்கள், சரியாக 100 வாட் வரும். நீங்கள் கண்ட 1300 வாட்டும் பொய்யல்ல, சுவிட்ச் போட்ட முதல் கணத்தில் பல்பு அந்த அளவுக்குத்தான் இழுக்கிறது. பழைய குண்டு பல்புகள் பெரும்பாலும் சுவிட்ச் போடும்போதே பீஸ் போவதற்கு அதுதான் காரணம். ஹீட்டர் சுருள் நிக்ரோம் என்ற கலப்பு உலோகத்தால் ஆனது. அதன் தடை சூட்டில் சில சதவீதம்தான் மாறும் என்பதால், அதை மல்டிமீட்டரில் அளந்து கணக்கிடலாம், பிளக்கை முழுவதுமாகக் கழற்றிய பிறகு மட்டும்.