தங்கைக்கு அடைப்புக்குறிக்குள்தான் இடமா?

கேள்வி: எனக்கு 29 வயது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறேன். ஆறு வருடம் ஒரு ஆன்மிகக் குழுவில் இருந்தேன். விடிகாலை 4 மணிக்கு வகுப்பு, ராத்திரி சேவை, சம்பளத்தில் மாதா மாதம் அர்ப்பணிப்பு. அம்மாவைப் பார்க்கப் போவதற்குக்கூட பொறுப்பாளர் அக்காவிடம் அனுமதி கேட்க வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன்பு வெளியே வந்துவிட்டேன். ஆனால் அவர்கள் விடுவதாக இல்லை. பஸ் ஸ்டாண்டிலும் சில்வர் பீச்சிலும் இரண்டிரண்டு பேராக நின்று புது ஆள் பிடிக்கிறார்கள். என்னைப் பார்த்தால் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். மூன்று தடவை நின்று பேசிவிட்டேன். அன்றைக்கெல்லாம் தூக்கமே இல்லை. நான் வெளியே வந்தது பாவமோ என்று தோன்றுகிறது. போன தடவை அக்கா, "உன் தங்கச்சி நல்லா இருக்கா, உன்னைத்தான் கேட்டுக்கிட்டே இருக்கா" என்றார். (சித்தி பெண்ணை ப்ளஸ் டூ முடித்ததும் நான்தான் அங்கே சேர்த்துவிட்டேன். இன்னும் அங்கேதான் இருக்கிறாள்.) 'மனக்கணக்கு' என்று ஒரு நோட்டில் என் பழைய காதலைப் பற்றியெல்லாம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வீட்டில் வரன் பார்க்கும் நேரத்தில் அதை வெளியே விட்டுவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. வேலையை விட்டுவிட்டுப் புதுச்சேரிக்குப் போய்விடட்டுமா? (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது)

பதில்: முழுக் கடிதம் நான்கு பக்கம். அக்கா அன்று கட்டியிருந்த புடவையின் நிறம்கூட அதில் இருக்கிறது. நீங்களே கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்த தங்கைக்கு அடைப்புக்குறிக்குள் இரண்டு வரி. எந்த ஊர் மையத்தில் இருக்கிறாள், மேலே படித்தாளா, கடைசியாக அவளோடு எப்போது பேசினீர்கள், சித்திக்கு விஷயம் தெரியுமா என்று நான்கு பக்கத்திலும் தேடினேன். இல்லை. நீங்கள் வெளியே வந்தது சரி. அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச எனக்கு ஒன்றுமில்லை. பேச வேண்டியது அந்த அடைப்புக்குறியைப் பற்றித்தான்.

பஸ் ஸ்டாண்டில் ஏன் நிற்கிறீர்கள் என்று யோசித்தீர்களா? கையைப் பிடித்தால் உதறிவிட்டுப் போக உங்களுக்குத் தெரியும். நிற்பது, தங்கையைப் பற்றி ஒரு வார்த்தை காதில் விழாதா என்பதற்காக. இந்த ஊரில் அந்தச் செய்தி சொல்ல உங்களுக்கு இருக்கும் ஒரே ஆள் அந்த அக்கா. அது அவருக்கும் தெரியும். வெளியேறியவர்களை மறுபடி பிடிக்க வருகிறவர்கள் யாரிடம் எதைச் சொல்லிப் பேச்சைத் தொடங்க வேண்டும் என்று பேசிவைத்துக்கொண்டுதான் வருவார்கள். உள்ளே மாட்டியிருக்கும் உறவைப் போல வேலை செய்யும் தூண்டில் வேறில்லை. தங்கை உங்களைக் கேட்டாளா என்பதே உங்களுக்குத் தெரியாது. அவளிடம், 'உன் அக்கா உன்னை மறந்துட்டா, கல்யாணக் கனவுல இருக்கா' என்று சொல்லியிருந்தால் அதுவும் உங்களுக்குத் தெரியப்போவதில்லை. இரண்டு பக்கத்துக்கும் செய்தி கொண்டுபோவது ஒரே வாய். அவளோடு குடும்பத்துக்கு நேரான பேச்சு இருந்தால், அந்த அக்காவிடம் நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒன்றும் மிஞ்சாது.

ஆகவே முதல் வேலை சித்தியிடம் போவது. 'என் அக்கா பெண் கூட இருக்கிறாளே' என்ற தைரியத்தில் அனுப்பியிருப்பார் அந்த அம்மாள். சேர்த்துவிட்டபோது நீங்களும் நம்பித்தான் செய்தீர்கள். அதற்காக உங்களை ஏச மாட்டேன். ஆனால் இந்த இரண்டு வருடம்? அங்கே என்ன நடக்கிறது என்று முழுக்கத் தெரிந்த ஒரே ஆள் குடும்பத்தில் நீங்கள்தான். வாயைத் திறக்கவில்லை. உங்களுக்கு வெட்கம், அதற்கு அவள் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறாள். ஒரு பெண்ணைக் கைப்பிடித்து ஒரு வாசலுக்குள் கொண்டுபோய் விட்டவருக்கு, அவள் வெளியே வரும்வரை பொறுப்பு உண்டு. இதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது.

அம்மாவையும் அழைத்துக்கொண்டு போங்கள். அழுதுகொண்டே சொன்னால் சித்தி உங்களைத் தேற்றுவதிலேயே பொழுது போய்விடும். மையம் எங்கே, எத்தனை மணி நேரத் தூக்கம், உடம்பு சரியில்லை என்றால் ஆஸ்பத்திரிக்கு விடுவார்களா, போன் யார் கையில், மாதம் எவ்வளவு பணம் என்று விவரமாகச் சொல்லுங்கள். 'நான்தான் சேர்த்துவிட்டேன், தப்பு என்னுடையது' என்று ஒரு தடவை சொல்லுங்கள், போதும். அவர் திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள்.

உடனே சித்தப்பா நாலு பேரைத் திரட்டி வேன் எடுத்துக்கொண்டு கிளம்பப் பார்ப்பார். தடுங்கள். அவளுக்கு 18 தாண்டிவிட்டது. உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டாலும், 'விருப்பப்பட்டுத்தான் இருக்கிறேன்' என்று அவள் சொல்லிவிட்டால் நீதிபதி அவள் விருப்பத்துக்கே விட்டுவிடுவார். அதன் பிறகு குடும்பம் அவளுக்குப் பகையாளி. அமெரிக்காவில் 1970-களில் இப்படிப் பிள்ளைகளைக் கடத்திக்கொண்டு போய், அறையில் பூட்டி மனதை மாற்றும் வேலை ஒரு தொழிலாகவே நடந்தது. செய்தவர்களில் சிலர் சிறைக்குப் போனார்கள். தப்பித்து ஓடி, முன்பைவிடப் பிடிவாதமாக அந்தக் குழுக்களிலேயே போய் உட்கார்ந்த பிள்ளைகளும் உண்டு.

பேச்சைத் தொடங்க வேண்டியவர் சித்தி. நீங்கள் வெளியேறியவர்; உங்கள் பெயர் அங்கே எப்படி அடிபடும் என்பது உங்களுக்கே தெரியும். எடுத்த எடுப்பில் நீங்கள் போன் செய்தால் அவளுக்குக் காவல் கூடிவிடும். வாரம் ஒரு நாள், அதே கிழமை, அதே நேரம், பத்து நிமிடம் சித்தி பேசட்டும். பக்கத்தில் அக்கா நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தே ஒவ்வொரு வார்த்தையும் வரட்டும். குழுவைப் பற்றியோ தலைவரைப் பற்றியோ ஒரு சொல் வேண்டாம். பண்ருட்டியிலிருந்து பலாப்பழம் வந்தது, பக்கத்து வீட்டில் கன்று போட்டிருக்கிறது, அப்பாவுக்கு முட்டி வலி, அடுத்த மாதம் குலசாமிக்குப் படையல், முடிந்தால் வா. இப்படிப்பட்ட பேச்சுத்தான் அவளுக்கு அங்கே கிடைக்காதது. 'நீ வரலைன்னா செத்துப்போயிடுவேன்' என்று மட்டும் சித்தி சொல்லக் கூடாது. 'வீட்டார் கண்ணீரை வைத்து உன்னை இழுப்பார்கள்' என்று அவளுக்கு முன்கூட்டியே சொல்லிவைத்திருப்பார்கள். அந்த ஒரு அழுகை அவர்கள் சொன்னதை மெய்யாக்கிவிடும்.

பணமாக எதுவும் அனுப்ப வேண்டாம், அது அவளிடம் தங்காது. போர்வை, மாத்திரை, செருப்பு அனுப்பலாம். கொடுக்க நினைக்கும் பணத்தைச் சித்தி பெயரில் தபால் அலுவலகச் சேமிப்பில் போட்டுவையுங்கள்; வெளியே வருகிற பெண்ணுக்கு முதல் நாளிலிருந்தே கைச்செலவு தேவைப்படும். மார்க் ஷீட், டி.சி., ஆதார் எல்லாம் யாரிடம் இருக்கின்றன என்று பாருங்கள். அங்கே கொடுத்திருந்தால், கல்லூரி விண்ணப்பம், ரேஷன் கார்டு, பாங்கு வேலை என்று ஒவ்வொரு காரணத்துக்கு ஒவ்வொன்றாக வீட்டுக்கு வரவழையுங்கள்.

அவளுக்குச் சந்தேகம் வரும்போது அது தத்துவமாக வராது. 'காய்ச்சலோட வேலை செய்யச் சொன்னாங்க', 'அந்த அக்காவை எல்லார் முன்னாடியும் திட்டிட்டாங்க' என்று சின்னதாக வரும். அந்த நேரத்தில் பாய்ந்து, 'பார்த்தியா, நான் அப்பவே சொன்னேன்ல' என்றால் அவள் வாய் மூடிக்கொள்ளும். 'உனக்கு என்னம்மா தோணுது?' என்று கேட்டுவிட்டுச் சித்தி சும்மா இருக்க வேண்டும். அவள் தனியாக வீட்டுக்கு வரும் ஒரு நாளில் நீங்கள் அவள் எதிரில் உட்கார்ந்து, சேர்த்துவிட்டதற்கு மன்னிப்புக் கேளுங்கள். அங்கே நடந்ததையெல்லாம் அவளிடம் கொட்டுவதற்கான நாள் அதுவாக இருக்க வேண்டாம்.

இனி பஸ் ஸ்டாண்டு. இரண்டு பேரில் ஒருவர் பேசுவார். மற்றவர் நீங்கள் ஏற வேண்டிய பஸ்ஸுக்கும் உங்களுக்கும் நடுவில் வந்து நிற்பார். பேச்சின் வரிசை நீங்கள் கற்றுக்கொண்டதுதான்: 'மெலிஞ்சுட்டியே', பிறகு எங்கே வேலை, கல்யாணம் ஆச்சா, பிறகு தங்கை, கடைசியில் 'ஒரே ஒரு நாள் வந்துட்டுப் போ'. கடைப் பெயரைச் சொன்னால் அடுத்த வாரம் பாராசிட்டமால் அட்டை வாங்கக் கடைக்கே வருவார்கள். 'இன்னைக்கு நேரமில்லை' என்றால் நேரம் உள்ள நாளைக் கேட்பார்கள். 'பார்க்கலாம்' என்றால் வருவதாகவே எழுதிக்கொள்வார்கள். காரணமே சொல்லாதீர்கள். எந்தக் காரணத்துக்கு என்ன பதில் என்று அவர்களுக்குப் பாடம் உண்டு. அந்தப் பதில்களை ஒரு காலத்தில் நீங்களும் அடுத்தவரிடம் சொல்லியிருப்பீர்கள். நடையை நிறுத்தாமல், "நான் வர மாட்டேன், என்னை நிறுத்தாதீங்க." திரும்பக் கேட்டால் அதே சொற்கள், அதே குரல். அதற்கு மேல் பதில் கிடையாது. ஆள் நடமாட்டமுள்ள கடைப் பக்கமோ டைம் கீப்பர் அறைப் பக்கமோ போய்விடுங்கள். தங்கையின் பெயரை எடுத்தாலும் இதே வாக்கியம்தான். கடை முதலாளியிடமும் முன்கூட்டிச் சொல்லிவையுங்கள். கல்லாவை விட்டு நீங்கள் நகர முடியாது. 'மருந்து வாங்கியாச்சுன்னா கிளம்புங்க' என்று அவர் சொன்னால் முடிந்தது.

அன்றன்றைக்கே தேதி, நேரம், இடம், பேசிய வார்த்தை எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். 'விடமாட்டேங்கிறாங்க' என்று மட்டும் சொன்னால் காவல் நிலையத்தில் அறிவுரை சொல்லி அனுப்பிவிடுவார்கள். தேதியோடு போனால் மனுவை வாங்கி, அதைப் பதிவு செய்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீது கொடுக்க வேண்டியிருக்கும். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ம் பிரிவைச் சொல்லி அங்கே வாதாடாதீர்கள். அது பெண்ணைப் பின்தொடரும் ஆணுக்கானது, அக்காக்களுக்குப் பொருந்தாது. போகிற வழியை மறித்து நிறுத்துவது அதே சட்டத்தின் 126-ம் பிரிவு. ஒரு மாதம் வரை சிறை அல்லது 5000 ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் விதிக்கலாம். தெய்வக் குற்றம் பற்றி 354-ம் பிரிவு இருக்கிறது. 'கடவுள் பார்த்துப்பார்' என்பதெல்லாம் அதில் வராது. 'நீ திரும்பி வராவிட்டால் உன்மேல் தெய்வக் கோபம் இறங்கும்படி நாங்கள் ஒன்று செய்வோம்' என்று மிரட்டிப் பணிய வைக்கப் பார்த்தால் வரும். ஓராண்டு வரை சிறை. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். எண் 15100.

அடுத்தது 'மனக்கணக்கு' நோட்டு. சீனாவில் கட்டாய மனமாற்றத்துக்கு ஆளாகி வெளியே வந்தவர்களிடம் ஹாங்காங்கில் பேசிய அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் லிஃப்டன், 1961-ல் இத்தகைய இடங்களின் எட்டு அடையாளங்களைச் சொன்னார். குற்றங்களை ஓயாமல் ஒப்புக்கொள்ள வைப்பது அவற்றில் ஒன்று. மனம் லேசாகும் என்றுதான் எழுதச் சொல்வார்கள். நோட்டு மட்டும் அவர்களிடமே இருக்கும். அதில் உள்ளதை நீங்களே அம்மாவிடம் சொல்லிவிடுங்கள், வரன் அமையும்போது மாப்பிள்ளையிடமும் சொல்லுங்கள். ஒரு பழைய காதலைத் தாங்காத வீட்டுக்கு நீங்கள் மருமகளாகப் போக வேண்டியதில்லை. அதை வைத்து மிரட்டினால் 351-ம் பிரிவு, குற்றமுறு மிரட்டல். இரண்டு ஆண்டு வரை சிறை.

போனில் சில வேலைகள். யு.பி.ஐ. செயலியில் ஆட்டோபே பகுதியைத் திறந்து, அர்ப்பணிப்புக்குக் கொடுத்த அனுமதி இன்னும் உயிரோடு இருந்தால் ரத்து செய்யுங்கள். வாட்ஸ்அப் பிரைவசியில் குரூப்பில் சேர்க்கும் உரிமையை உங்கள் தொடர்புகளுக்கு மட்டும் என்று மாற்றுங்கள். அக்காக்களின் எண்களை முதலில் தொடர்புப் பட்டியலிலிருந்து நீக்கி, பிறகு பிளாக் செய்யுங்கள். ராத்திரி தூக்கம் வராமல் 'பாவமோ' என்று நினைவு சுழலும்போது அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-க்குப் பேசலாம். கட்டணமில்லை, தமிழில் பேசுவார்கள். அது வாரக்கணக்கில் தொடர்ந்தால் புதுச்சேரி கோரிமேடு ஜிப்மர் மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குப் போங்கள். ஆறு வருடம் விடிகாலை 4 மணிக்கு எழுந்த உடம்பு அது.

அவள் வரும் நாளுக்கு வீட்டைத் தயார் செய்யுங்கள். திருவதிகைத் திலகவதியார் உங்கள் ஊர்ப்பக்கத்துக்காரர். சமணத்துக்குப் போன தம்பி அப்பர் திரும்பி வந்தபோது குறுக்கு விசாரணை நடத்தாமல் ஏற்றுக்கொண்ட அக்கா அவர். தங்கைக்கும் அப்படி ஒரு வீடு வேண்டும். முதல் சில மாதம் கேள்வி கேட்கக் கூடாது, உறவுக்காரர்களைக் கூட்டக் கூடாது, ஜோசியர் வீட்டுக்கோ வேறு சாமியாரிடமோ இழுத்துக்கொண்டு ஓடக் கூடாது, மாப்பிள்ளை பார்க்கக் கூடாது. தூங்க விடுங்கள். சாப்பாட்டையும் துணியையும் அவளே தேர்ந்தெடுக்கட்டும். அந்தப் பழக்கம் விட்டுப்போயிருக்கும்.

புதுச்சேரி வேண்டாம். அங்கேயும் கடற்கரைச் சாலை இருக்கிறது, அங்கேயும் இரண்டிரண்டு பேராக நிற்பார்கள். அதைவிட, உங்கள் தங்கை ஒரு ராத்திரி பஸ் ஏறினால் இறங்கப்போவது கடலூரில்தான். நீங்கள் அங்கே இருக்க வேண்டும். போன் நம்பரையும் மாற்றாதீர்கள். அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் அது ஒன்றாகவே இருக்கலாம்.