236 இரவுகளும் ஒரே கதையும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். அமெரிக்க ராக் பாடகர் ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் நியூயார்க்கின் நாடக அரங்கப் பகுதியான பிராட்வேயில் தனியாளாக நிகழ்த்திய நிகழ்ச்சியின் படப்பதிவை நெட்ஃபிளிக்ஸில் பார்த்தேன். தந்தையைப் பற்றிப் பேசும் இடத்தில் அழுதுவிட்டேன். பிறகு அவருடைய நெடுநாள் ரசிகர்கள் எழுதியவற்றைத் தேடிப் படித்தபோது குழப்பமே மிஞ்சியது. இதுவே அவருடைய உச்சம் என்று ஒரு சாரார் நெகிழ்கிறார்கள். எல்லாம் மனப்பாடம், ஒவ்வோர் இரவும் அதே இடத்தில் அதே தழுதழுப்பு, இது வெறும் நடிப்பு என்று இன்னொரு சாரார் கசந்துகொள்கிறார்கள். போதாக்குறைக்கு, தொழிற்சாலைக்குள் கால் வைத்ததே இல்லை என்று அவரே மேடையில் ஒப்புக்கொள்கிறார். அப்படியானால் நான் எதற்காக அழுதேன்? அரங்கில் அமராமல் திரையில் பார்ப்பவருக்குக் கிடைப்பது பாதிதானா?

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருநெல்வேலி

அன்புள்ள வாசகிக்கு,

கசந்துகொள்ளும் ரசிகர்களின் பக்கத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அவர்களுடைய ஏமாற்றத்துக்கு வலுவான காரணம் உண்டு. தன் நெடுநாள் இசைக்குழுவான ஈ ஸ்ட்ரீட் பேண்டுடன் ஸ்பிரிங்ஸ்டீன் அதுவரை நடத்திவந்த கச்சேரிகளில் அன்றிரவு என்னென்ன பாடுவார் என்று யாராலும் முழுதாகச் சொல்லிவிட முடிந்ததில்லை. ரசிகர்கள் தாங்கள் கேட்க விரும்பும் பாடலின் பெயரை அட்டையில் எழுதித் தூக்கிப் பிடிப்பார்கள். அவர் மேடை விளிம்புக்கு வந்து அட்டைகளைத் திரட்டிக்கொண்டு போய், நெடுங்காலமாகப் பாடாத ஒன்றை அங்கேயே குழுவினரிடம் சொல்லித் தொடங்கிவிடுவார். 2012 ஜூலை இறுதியில் ஹெல்சின்கியில் அவர் பாடியது நான்கு மணி நேரத்துக்கும் மேல். எந்த ஊரில் எந்த இரவில் எந்தப் பாடல் வந்தது என்று பட்டியல் எழுதிப் பாதுகாக்கும் ரசிகர்களுக்கு, இரவுக்கு இரவு மாறுவதுதான் அவருடைய உண்மைக்குச் சான்று. 2017 அக்டோபரில் வால்டர் கெர் அரங்கில் தொடங்கி 2018 டிசம்பர் 15 வரை 236 முறை நடந்த இந்த நிகழ்ச்சியில் அவர் அந்தச் சான்றைத் தெரிந்தேதான் கைவிட்டார். 2016இல் வெளியான தன்வரலாற்றிலிருந்து செதுக்கி எடுத்த பேச்சையும் ஏறக்குறைய மாறாத பாடல் வரிசையையும் ஒரு நாடகத்தைப் போல நிகழ்த்தினார்.

ஆனால் மாறாமல் சொல்லப்படுவதனாலேயே ஒன்று பொய்யாகிவிடும் என்பதை நான் ஏற்கவில்லை. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரன் ஒருவனின் கசப்பைப் பாடும் 'பார்ன் இன் தி யு.எஸ்.ஏ.' பாடலுக்கு முன் வரும் பேச்சை இன்னொரு முறை கேளுங்கள். இளம் வயதில் தன் குழுவில் டிரம்ஸ் வாசித்த பார்ட் ஹெய்ன்ஸையும், தான் அண்ணாந்து பார்த்த உள்ளூர்ப் பாடகர் வால்டர் சிகோனையும் அவர் நினைவுகூர்கிறார். இருவரும் வியட்நாமிலிருந்து உயிரோடு திரும்பவில்லை. தனக்கு ராணுவ அழைப்பு வந்தபோது எப்படியாவது தேர்வில் கழிக்கப்பட வேண்டும் என்று முயன்று தப்பியதைச் சொல்கிறார். தன் இடத்தில் யார் போனார் என்று சில சமயம் யோசிப்பதுண்டு, ஏனென்றால் யாரோ ஒருவர் போயிருக்கத்தான் வேண்டும் என்கிறார். பிறகு பன்னிரண்டு தந்திக் கிட்டாரின் தந்திகள்மேல் ஸ்லைடு என்னும் சிறு குழாயை இழுத்து, 1984இல் அதிபர் ரீகன் தேர்தல் பிரசாரத்தில் ஸ்பிரிங்ஸ்டீனின் பெயரைச் சொல்லிப் பெருமைப்படுமளவுக்கு நாடே வெற்றி முழக்கமாக எடுத்துக்கொண்டிருந்த அந்தப் பாடலை ஒப்பாரிக்கு அருகில் கொண்டுபோய் நிறுத்துகிறார். ஐம்பது ஆண்டுகள் சுமந்த குற்றவுணர்வுக்கு ஒரு சரியான வாக்கியம் அகப்பட்ட பிறகு, உண்மையாக இருப்பதாகக் காட்டிக்கொள்வதற்காக மறுநாள் அதைவிட மோசமான வாக்கியத்தை அவர் ஏன் தேட வேண்டும்?

பட்டியல் எழுதும் ரசிகர்களுக்கு நான் இன்னொன்றையும் நினைவூட்ட விரும்புவேன். 2018 ஜூனில், எல்லை தாண்டி வந்த குடும்பங்களின் குழந்தைகளை அமெரிக்க அரசு பெற்றோரிடமிருந்து பிரித்துவைத்த செய்திகள் நாட்டையே உலுக்கிக்கொண்டிருந்தபோது, 146 காட்சிகளாக ஏறக்குறைய ஒரே வரிசையில் பாடிவந்ததாகவும் இந்த இரவு வேறொன்றைக் கேட்பதாகவும் அரங்கில் சொல்லிவிட்டு, வீடிழந்து பிழைப்புத் தேடி அலையும் ஏழைகளைப் பற்றிய 'தி கோஸ்ட் ஆஃப் டாம் ஜோட்' பாடலைப் பாடினார். வழக்கமான கச்சேரியில் அது அன்றைய பட்டியலில் கூடுதலாக ஒரு வரியாகவே நின்றிருக்கும். அத்தனை நாள் அசையாமல் நின்ற வரிசை அன்று அசைந்ததனால்தான் அந்தப் பாடல் ஒரு குடிமகனின் குரலாகக் கேட்டது. அடுத்த மாதம் எடுக்கப்பட்ட படத்தில் அந்தப் பாடல் இருக்கிறது.

தொழிற்சாலை விஷயத்துக்கு வருகிறேன். அதை அவர் கடைசியில் போட்டு உடைக்கவில்லை, ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறார். கொஞ்சம் மோசடி கலந்த கடலோர ஊர்க்காரன் நான் என்று தொடங்கி, ஒரு நாளும் வேலைக்குப் போகாதவன் வேலையைப் பற்றியே பாடிப் புகழ் பெற்றதைச் சொல்கிறார். அதற்கான விடை தந்தையைப் பற்றிய பகுதியில் இருக்கிறது. தொழிற்சாலைக்குப் போனவர் தந்தை டக்ளஸ். மகனிடம் அன்பைக் காட்டத் தெரியாத, மதுக்கடையே கதியென்று கிடந்த மனிதர். நாம் விரும்பியும் நமக்குக் கிடைக்காத அன்புக்கு உரியவர்களைப் போலவே ஆகிவிடுகிறோம் என்றும், தனக்கு ஒரு குரல் தேவைப்பட்டபோது தந்தையின் குரலையும் அவருடைய வேலை உடைகளையும் எடுத்துக்கொண்டதாகவும் ஸ்பிரிங்ஸ்டீன் சொல்கிறார். தாங்கள் அழுதது இதற்காகத்தான் என்று நினைக்கிறேன். அந்த அழுகையில் ஏமாந்துபோக எதுவும் இல்லை.

நெகிழும் ரசிகர்களிடமும் எனக்கு ஒரு மறுப்பு உண்டு. அவர் தன்னை முழுதாகத் திறந்து வைத்துவிட்டார் என்கிறார்கள். தன்வரலாற்றில் அவ்வளவு விரிவாக எழுதிய மனச்சோர்வு மேடையில் மிகக் குறைவாகவே தலைகாட்டுகிறது. எதைச் சொல்வது, எதை விடுவது என்று தேர்ந்த எழுத்தாளரின் வேலை இது, அந்தப் பெருமையை அவருக்குக் கொடுத்தாக வேண்டும்.

திரையா அரங்கா என்ற கேள்வியில் எனக்குத் தயக்கமே இல்லை. ஆயிரத்துக்கும் குறைவான இருக்கைகள், 75 முதல் 850 டாலர் வரை டிக்கெட், மறுவிற்பனையில் பல ஆயிரம் டாலர். அந்தப் பாடல்களில் வரும் மனிதர்களால் எட்ட முடியாத விலை இது என்று ரசிகர்கள் கோபப்பட்டது முற்றிலும் நியாயம். கடைசிக் காட்சிக்கு மறுநாளே படம் வெளிவந்தது அந்தக் கோபத்தை ஓரளவு தணித்தது. இயக்குநர் தாம் ஸிம்னி பார்வையாளர்களை ஏறக்குறைய காட்டுவதே இல்லை. முகத்துக்கும் விரல்களுக்கும் அருகில் நம்மை உட்கார வைக்கிறார். 'தி பிராமிஸ்ட் லேண்ட்' பாடலில் ஸ்பிரிங்ஸ்டீன் மைக்கை விட்டு விலகி வந்து வெறுங்குரலில் பாடும் இடத்தைக் கவனியுங்கள். அந்த முகத்தைப் பின்வரிசையில் இருந்தவர் இவ்வளவு அருகில் பார்த்திருக்க முடியாது.

தங்களுக்கு நேரம் இருந்தால், 1975 நவம்பரில் லண்டன் ஹாமர்ஸ்மித் ஓடியன் அரங்கில் 26 வயதில் அவர் பாடியதன் படப்பதிவையும் பாருங்கள். அது 'தண்டர் ரோட்' பாடலோடு தொடங்குகிறது, பிராட்வேயிலும் அதைப் பாடுகிறார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்.