வாசகர் கேள்வி – பதில்: தமிழில் யோசித்தால் ஜப்பானிய மொழி வராதா?

கேள்வி: எங்களுக்குக் கோத்தகிரிக்கு அருகே சிறிய தேயிலைத் தோட்டம் இருக்கிறது. பிளஸ் ஒன் படிக்கும் மகள் மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஜப்பானின் ஷிசுவோகா மாகாணத்துக்குப் போய் மூன்று மாதமாகிறது. புறப்படுமுன் ஆங்கிலவழிப் பாடநூலை வைத்து ஆறு மாதம் ஜப்பானிய மொழி படித்தாள். ஆனால், தங்கியிருக்கும் வீட்டில் இரவுச் சாப்பாட்டின்போது அவர்கள் பேசுவது பாதிகூடப் புரியவில்லை என்கிறாள். தமிழில் யோசிப்பதுதான் தடை என்று அவளிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்த வீட்டாரை ஆங்கிலத்தில் பேசச் சொல்லிக் கேட்கலாமா?
– ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: வேண்டாம். தடையாக இருப்பது தமிழன்று, நடுவில் நிற்கும் ஆங்கிலம்தான். பாடநூல் ஆங்கிலத்தில் இருப்பதால், தமிழில் தோன்றுவதை ஆங்கிலத்துக்கு மாற்றி, அந்த ஆங்கில வாக்கியத்தைத் தலைகீழாகப் புரட்டி ஜப்பானிய மொழியாக்கும் வேலையை நம் பிள்ளைகள் செய்கிறார்கள். தமிழைப் போலவே அந்த மொழியிலும் வினை கடைசியில்தான் வரும். வேற்றுமை உருபுகள் பெயருக்குப் பின்னால்தான் ஒட்டும். ‘தபெத்தெ மிரு’ என்றால் ‘சாப்பிட்டுப் பார்’. இதை ஆங்கிலத்தில் விளக்க அரைப் பக்கம் தேவைப்படும். தமிழருக்கோ விளக்கமே தேவையில்லை. காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது உங்கள் மகள் சொல்லும் ‘இத்தெகிமாஸ்’, சொல்லுக்குச் சொல் நம்முடைய ‘போய் வருகிறேன்’தான். ‘கொரெ, சொரெ, அரெ, தொரெ’ என்ற நான்கும் ‘இது, உது, அது, எது’ என்ற வரிசையில் அமைந்தவை. நாம் கைவிட்ட ‘உது’ யாழ்ப்பாணத்தார் பேச்சில் இன்றும் இருக்கிறது.

நானும் பள்ளிப் பருவத்தில் ஓராண்டு அங்கே தங்கிப் படித்தவன். முதல் வாரத்தில் ஒருநாள் குளித்து முடித்ததும் தொட்டியின் அடைப்பானைப் பிடுங்கித் தண்ணீரை வெளியேற்றிவிட்டேன். உடம்பை வெளியிலேயே தேய்த்துக் கழுவிய பிறகுதான் அந்தச் சுடுநீர்த் தொட்டியில் இறங்க வேண்டும் என்பதும், வீட்டார் அனைவரும் ஒருவர் பின் ஒருவராக அதே நீரில்தான் அமர்வார்கள் என்பதும் எனக்குத் தெரியாது. இன்னும் மூன்று பேர் குளிக்க வேண்டியிருந்தது. அன்றிரவு அந்த வீட்டு அம்மாவிடம் நான் சொல்லக் கற்றுக்கொண்ட வாக்கியம் ‘நுயித்தெ ஷிமைமாஷித்தா’, அதாவது ‘பிடுங்கிவிட்டேன்’. நம்முடைய ‘விடு’ என்னும் துணைவினையில் செயல் முடிந்ததும் தெரிகிறது, ‘ஐயோ, இப்படி ஆகிவிட்டதே’ என்ற வருத்தமும் தெரிகிறது அல்லவா? ‘ஷிமவு’ என்பதும் அப்படித்தான். பாடநூலில் மூன்று முறை படித்தும் பிடிபடாத இலக்கணம், தொட்டி காலியானதும் பிடிபட்டது.

இந்த ஒற்றுமைகளை வைத்துத்தான் ஜப்பானிய அறிஞர் சுசுமு ஓனோ இரண்டும் உறவு மொழிகள் என்று வாதிட்டார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் படிக்கிற பிள்ளைக்கு ஒற்றுமை உதவத்தான் செய்யும்.

சாப்பாட்டு மேசையில் புரியாமல் போவதற்குக் காரணம் வேறு. வகுப்பில் சொல்லித்தருவது ‘தபெமாஸ்’ என்னும் மரியாதை வடிவம். வீட்டில் புழங்குவது ‘தபெரு’. ‘சாப்பிடுகிறீர்களா’ என்று மட்டும் படித்துவிட்டு வந்த வெளிநாட்டுக்காரர் கோத்தகிரி பஜாரில் ‘சாப்ட்டியா’ என்று கேட்டால் விழிப்பாரே, உங்கள் மகளின் நிலையும் அதுதான். போதாக்குறைக்கு, வந்தான், வந்தாள் என்று வினையிலேயே ஆளைக் காட்டும் விகுதி அங்கே இல்லை. யார் வந்தது என்பதைப் பேச்சின் போக்கிலிருந்து ஊகித்துக்கொள்ள வேண்டும். இது பழக்கத்தால் மட்டுமே வரும்.

தனக்கு நன்றாகத் தெரிந்த பொருளை அவளே மேசையில் எடுத்துப் பேசட்டும். ஷிசுவோகா தேயிலைக்குப் பெயர்பெற்ற ஊர். அங்கே தோட்டங்களில் உயரமான கம்பங்களின் உச்சியில் விசிறிகள் சுழல்வதைப் பார்த்திருப்பாள். அவை எதற்கு என்று கேட்கச் சொல்லுங்கள். குளிர்ந்த இரவுகளில் மேலே இருக்கும் சற்று வெப்பமான காற்றைக் கீழே தள்ளி, கொழுந்து உறைபனியில் கருகாமல் காப்பதற்காக என்பார்கள். ஜனவரி மாதத்து உறைபனி எப்படியிருக்கும் என்று நீலகிரிப் பெண்ணுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பொருள் முன்பே தெரிந்திருந்தால் புதிய சொற்கள் தாமே காதில் விழும்.

எழுத்து வேறு கதை. ஹிரகானா, கதகானா என்னும் ஒலியெழுத்து முறைகள் இரண்டிலும் 46 எழுத்துகள் வீதம் உள்ளன. அகராதி வரிசையும் க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ என்று நம் நெடுங்கணக்கின் சாயலிலேயே போகும். ஆனால், அன்றாடப் பயன்பாட்டுக்கென்று அரசு வகுத்துள்ள ‘காஞ்சி’ எனப்படும் சீன வழி எழுத்துகள் 2136. இங்கே தமிழ் கைகொடுக்காது. தினமும் சிலவற்றை எழுதி எழுதித்தான் கற்க வேண்டும்.

கேள்வி: நான் சைவம். ஏப்ரலில் ஜப்பான் செல்கிறேன். இறைச்சி சாப்பிடுவதில்லை என்று சொன்னால் போதுமா?
– கல்லூரி மாணவர், குன்னூர்

பதில்: போதாது. மீசோ என்னும் புளித்த சோயா விழுதில் செய்யும் சூப்பில் மீன் துண்டு கண்ணில் படாது. ஆனால் அதன் அடிப்படைச் சாறு பெரும்பாலும் கட்சுவோபுஷி என்னும் உலர்மீனில் இறக்கியதாக இருக்கும். நம் மாசிக் கருவாட்டுக்கும் அதற்கும் மீன் ஒன்றுதான். ‘நிக்கு மோ சகனா மோ தபெமசென்’ என்று சொல்லுங்கள்: ‘இறைச்சியும் மீனும் சாப்பிடுவதில்லை’. நம் ‘உம்’ நிற்கும் இடத்திலேயே அவர்களுடைய ‘மோ’வும் நிற்கிறது, பாருங்கள். கூடவே, கொம்பு என்னும் கடற்பாசியில் மட்டும் சாறு இறக்க முடியுமா என்று போன முதல் நாளே கேட்டுவிடுங்கள்.