தருமபுரி மாவட்ட நீரில் ஃப்ளூரைடு: கல்லூரி ஆய்வுக் கட்டுரைக்கு நம்பகமான ஆதாரங்களை எங்கே தேடுவது?

ஷோத்கங்கா தளத்திலிருந்து தொடங்குங்கள். இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் அங்கே இலவசமாகக் கிடைக்கும். ஊர்ப்பெயர், ஃப்ளூரைடு இரண்டையும் ஆங்கில எழுத்தில் கொடுத்துத் தேடுங்கள். ஆய்வேடு இயல் இயலாகத் தனித்தனிக் கோப்புகளாக இருக்கும். முதலில் துணைநூற்பட்டியலைத் திறங்கள். பல பட்டியல்களில் திரும்பத் திரும்ப வரும் கட்டுரைகளையே முதலில் படிக்க வேண்டும். ஆய்வேட்டில் கண்ட எண்ணை அப்படியே எடுத்தாளாமல் மூலக் கட்டுரையில் சரிபாருங்கள். எண்கள் பிறழ்வது பெரும்பாலும் இந்த இடைவழியில்தான்.

எண்களை ஒப்பிடும்போது மூன்று இடங்களில் சறுக்கும். முதலாவது, வரம்பு. குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 10500-இல் லிட்டருக்கு 1.0 மில்லிகிராம் ஏற்கத்தக்க அளவு. வேறு நீராதாரம் இல்லாதபோது 1.5 வரை அனுமதி. ஒருவர் 1.0-ஐயும் இன்னொருவர் 1.5-ஐயும் எல்லையாக வைத்தால், ஒரே கிணறுகளுக்கே 'மீறிய' சதவீதம் வேறாக வரும். இரண்டாவது, மாதிரி எடுத்த விதம்: மழைக்கு முன்பா பின்பா, ஆழ்துளைக் கிணறா திறந்த கிணறா என்று குறித்துக்கொள்ளுங்கள். இதைச் சொல்லாத கட்டுரையை நான் நம்ப மாட்டேன். மூன்றாவது, காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். 2013-இல் அது பயன்பாட்டுக்கு வந்தபின் நிலத்தடி நீரும் மக்கள் குடிக்கும் நீரும் ஒன்றல்ல. திட்டத்துக்குக் கடன் தந்த ஜைக்கா என்னும் ஜப்பானிய அரசு உதவி நிறுவனத்தின் மதிப்பீட்டு அறிக்கையை அதன் தளத்திலேயே படிக்கலாம்.

மாவட்ட எல்லையும் ஏமாற்றும். 1965 வரை இது சேலம் மாவட்டம். ஆகவே ரிச்சர்ட்ஸ் எழுதிய 1918-ஆம் ஆண்டு மாவட்ட விவரச்சுவடி (கெசட்டியர்) போன்ற பழைய நூல்களைச் சேலம் என்றே தேட வேண்டும். கிருஷ்ணகிரி பிரிந்தது 2004-இல். அதனால்தான் 2001 கணக்கெடுப்பில் சுமார் 28.56 லட்சமாக இருந்த தருமபுரி மக்கள்தொகை 2011-இல் 15.07 லட்சமாகத் தெரிகிறது. ஆள்வீத விகிதம் போடுவதானால் 2001-க்கு வட்டவாரிக் கணக்கை எடுத்து இன்றைய எல்லைக்குக் கூட்டிக்கொள்ளுங்கள்.

கட்டண ஆய்விதழ்களுக்குச் சொந்தக் காசு கொடுக்காதீர்கள். அரசுக் கல்லூரி என்றால் 2025-இல் தொடங்கிய, ஆய்விதழ்களுக்கான ஒன்றிய அரசின் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் வழியாகக் கிடைக்குமா என்றும், உதவிபெறும் கல்லூரி என்றால் கல்லூரிகளுக்கு மின்னிதழ்கள் தரும் என்-லிஸ்ட் சேவையில் கணக்கு உண்டா என்றும் நூலகரிடம் கேளுங்கள்.

போலி இதழ்கள் ஏராளம். ஒவ்வொரு கட்டுரைக்கும் தனியாகத் தரப்படும் அடையாள எண்ணான டிஓஐ-யை அதற்குரிய தளத்தில் (doi.org) இட்டால் அதே கட்டுரை திறக்க வேண்டும். யுஜிசி, தரமான இதழ்கள் என்று தொகுத்து வைத்திருந்த தன் கேர் பட்டியலை 2025-இல் கைவிட்டுவிட்டது. 'கேர் பட்டியலில் உள்ள இதழ்' என்ற விளம்பரத்தை இனி சான்றாகக் கொள்ளாதீர்கள். செயற்கை நுண்ணறிவுச் செயலி தரும் கட்டுரைத் தலைப்புகளையும் டிஓஐ கொண்டே சோதியுங்கள். இல்லாத கட்டுரைக்கும் அது ஆசிரியர் பெயர் தரும்.

இணையத்தில் இல்லாத நீர்ப் பரிசோதனை முடிவுகளுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் குடிநீர் வடிகால் வாரியத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி விண்ணப்பியுங்கள். ஒன்றியம், ஆண்டு, நீராதார வகை மூன்றையும் குறிப்பிட்டுக் கேட்டால்தான் பயன்படும் பதில் வரும். சட்டப்படி 30 நாள் அவகாசம் உண்டு. எனவே தலைப்பு உறுதியான வாரமே அனுப்பிவிடுங்கள்.